உஷார்! நமக்குச் சலித்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது

முதலில் ஒரு கேள்வி. செல்போனைத் தொடாமல் பதில் சொல்லுங்கள். தேர்தல் பத்திரம் என்ற பெயரில் கட்சிகளுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களின் பட்டியல் 2024 மார்ச்சில் வெளியானதே, அதில் முதலிடத்தில் இருந்த நிறுவனம் எந்த ஊர்? எத்தனை கோடி கொடுத்தது? யாருக்கெல்லாம் கொடுத்தது?

ஊர் கோயம்புத்தூர். தொகை 1,368 கோடி ரூபாய். தொழில் லாட்டரி. அந்த ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்தின் பத்திரங்களில் பெரும்பங்கு போனது மேற்கு வங்கத்தின் திரிணமூல் காங்கிரசுக்கும் தமிழகத்தின் திமுகவுக்கும். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பாஜக, காங்கிரஸ் ஆகிய கட்சிகளுக்கும் பங்கு உண்டு. நம் ஊர் நிறுவனம், நம் ஊர்க் கட்சி, நாடே பேசிய பட்டியலின் முதல் வரி. இருந்தும் மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவரைத் தேடினால் தெருவுக்கு ஒருவர் கிடைப்பது கஷ்டம். தெரியாதது குற்றமில்லை. ஒரு காலத்தில் தெரிந்து, கொதித்து, பத்து நாளில் மறந்துபோனோமே, அதைத்தான் உஷார் என்று கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாம் மறந்ததை அவர்கள் கவனித்துவிட்டார்கள்.

தேர்தல் பத்திரம் எப்படி வந்தது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2017 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் அருண் ஜேட்லி அறிவித்தார். கட்சிகளுக்கு வரும் கறுப்புப் பணத்தை ஒழிக்கப் போகிறோம், பெயர் சொல்லாமல் வாங்கும் ரொக்க நன்கொடையின் வரம்பை 20,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறைக்கிறோம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே நிதி மசோதாவில் இன்னொரு வேலையும் நடந்தது. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பு காணாமல் போனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போனது. ஆக, லாபமே இல்லாத நிறுவனம்கூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; யாருக்கு என்று சொல்ல வேண்டாம். நட்டத்தில் ஓடுகிற நிறுவனம் நன்கொடை தருகிறது என்றால் அந்தப் பணம் யாருடையது என்று கேட்கவும் வழியில்லை. பண மசோதாவாகக் கொண்டுவந்ததால் மாநிலங்களவை அதைத் தடுக்கவும் முடியவில்லை.

ரிசர்வ் வங்கி எதிர்த்தது. ரூபாய் நோட்டைப் போலக் கைமாறும் பத்திரம் பணச் சலவைக்கு வழிவிடும் என்று 2017 ஜனவரி இறுதியிலேயே எழுதிக் கொடுத்தது. நிதி அமைச்சகத்தில் என்ன பதில் தெரியுமா? ஆலோசனை தாமதமாக வந்திருக்கிறது, நிதி மசோதா ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று கோப்பில் குறிப்பு எழுதினார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்பது போல! அந்த ஆண்டு மே மாதம் தேர்தல் ஆணையமும் இது வெளிப்படைத்தன்மையில் பின்னோக்கிப் போகும் காரியம் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அதுவும் கோப்போடு போயிற்று. 2018 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் போய் 1,000 ரூபாய் முதல் ஒரு கோடி வரையிலான பத்திரம் வாங்கலாம். 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளும். சாமானியனும் கட்சிக்கு உதவலாமே என்று சொல்லித்தான் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வைத்திருந்தார்கள். ஆனால் வந்த தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். அந்தச் சாமானியன் யார் என்று புரிந்துகொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கை: பத்திரம் அச்சடித்த செலவும் வங்கிக்கான தரகும் கொடுத்தவரிடமோ வாங்கிய கட்சியிடமோ வசூலிக்கப்படவில்லை. அரசாங்கம் கட்டியது. அதாவது நாம்.

ரகசியம் என்றார்களே, அதுவும் முழு உண்மையில்லை. பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருப்பதையும், புற ஊதா விளக்கில் பிடித்தால் அது தெரிவதையும் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் 2018-லேயே வெளிக்கொண்டுவந்தார். வங்கியின் பேரேட்டில் எல்லாம் பதிவாகியிருந்தது. வங்கி அரசுக்குச் சொந்தமானது. பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறிவார்கள். ரகசியமெல்லாம் வாக்காளருக்கு மட்டும்தான்.

இந்தச் செய்தி வந்த 2018-க்கும் தீர்ப்பு வந்த 2024-க்கும் இடையில் எவ்வளவு காலம் என்று பாருங்கள். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்குப் போட்டிருந்தன. அந்தக் கட்சி பத்திரமே வாங்குவதில்லை என்று ஒதுங்கியிருந்தது. வழக்கு கிடந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தல் போயிற்று. தமிழகம் உட்பட எத்தனையோ சட்டமன்றத் தேர்தல்கள் போயின. 2021-ல் தடை விதிக்க மறுத்தது உச்ச நீதிமன்றம். இத்தனைக்கும் நடுவில் எந்த ஊரிலாவது, எந்த வேட்பாளரிடமாவது, 'உங்கள் கட்சிக்கு யார் பணம் தருகிறார்கள்?' என்று ஒரு கூட்டத்தில் யாரேனும் எழுந்து கேட்டதாக உங்களுக்கு நினைவிருக்கிறதா? குடிநீர்க் குழாய் கேட்டோம், சாலை கேட்டோம். அதெல்லாம் கேட்க வேண்டியதுதான். இதைக் கேட்கவில்லை.

2024 பிப்ரவரி 15. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள், இந்தத் திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது, வாக்காளரின் அறியும் உரிமையைப் பறிக்கிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நிறுவனங்களுக்கான வரம்பை நீக்கியதும் செல்லாது என்றார்கள். விவரத்தை மார்ச் 6-க்குள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கச் சொன்னார்கள். ஸ்டேட் வங்கி என்ன செய்தது? ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து புதிய அரசு அமைந்த பிறகு தருகிறோம் என்றது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்து, நாளை மாலைக்குள் கொடு என்றது. நான்கு மாதம் ஆகும் என்ற வேலை ஒரே நாளில் முடிந்தது.

மார்ச் 14 இரவு பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறியது. மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. யார் பத்திரம் யாரிடம் போனது என்று பொருத்திப் பார்க்கும் எண்கள் மார்ச் 21 அன்று வந்தன. ஏப்ரல் 19 தமிழகத்தில் வாக்குப்பதிவு. இடையில் நான்கு வாரம் கைவசம் இருந்தது. வாக்காளருக்கு இதைவிடப் பொருத்தமான நேரத்தில் ஒரு தகவல் கிடைத்ததில்லை.

என்ன செய்தோம்? கணக்கைத்தான் பார்த்தோம். ஆனால் அவரவர் எதிரிக் கட்சியின் கணக்கை மட்டும்.

அந்த நாட்களில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இப்படித்தான்.

"மாப்ள, உங்க ஆளுங்க லாட்டரிக்காரன்கிட்ட ஐநூறு கோடி வாங்கியிருக்காங்களே, பார்த்தியா?"

"மாமா, ஐநூறு பெருசா ஆறாயிரம் பெருசா? முதல்ல உங்க ஆளுங்களைக் கேளுங்க."

"அவங்க நாடு முழுக்க இருக்கற கட்சிப்பா!"

"அப்ப நாடு முழுக்க வாங்கலாமா?"

அத்தோடு முடிந்தது. மாமா சொன்ன ஐநூறு கோடியும் உண்மை. மாப்பிள்ளை சொன்ன ஆறாயிரம் கோடியும் உண்மை. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய காலத்துக்கு வெளியான கணக்கில் பாஜகவுக்கு வந்தது 6,000 கோடிக்கு மேல். மொத்தத்தில் ஏறத்தாழ பாதி. திரிணமூலுக்கு 1,600 கோடி, காங்கிரசுக்கு 1,400 கோடி, தெலங்கானாவின் பாரத் ராஷ்டிர சமிதிக்கு 1,200 கோடி என்ற அளவில். திமுக தானே கொடுத்த கணக்கின்படி அதற்கு வந்தது 656 கோடியே 50 லட்சம். அதில் 509 கோடி அந்த ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. அதிமுகவுக்கு 6 கோடியே 5 லட்சம்தான். அதிலும் பெரும்பகுதி கிரிக்கெட் அணி நடத்தும் நிறுவனம் கொடுத்தது.

இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே வீட்டில் இரண்டு பேர் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்து, இரண்டையும் செல்லாக்காசாக்கினார்கள். கட்சி மேலிடங்களுக்கு இதைவிடச் சௌகரியமான வாக்காளர் கிடைப்பாரா? மாமா தன் கட்சியைப் பார்த்து, ஆறாயிரம் கோடி எதற்காக வந்தது என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை தன் கட்சியைப் பார்த்து, 2003-லிருந்து லாட்டரி விற்பனையே தடை செய்யப்பட்ட மாநிலத்தில் ஒரு லாட்டரி நிறுவனம் ஏன் இத்தனை கோடி தருகிறது என்று கேட்கவில்லை. இந்தக் கேள்விகளுக்கு நியாயமான பதில்கள் இருக்கலாம். கொடுத்ததற்குக் கைமாறாக இன்னது கிடைத்தது என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவில்லை. கேட்டிருந்தால்தானே பதில் வந்திருக்கும்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் கொடுத்தது என்ற பட்டியலைத் திமுக கொடுத்தது, அதிமுகவும் கொடுத்தது. பெரிய கட்சிகள் பலவும் அதைச் செய்யவில்லை. சட்டப்படி தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை என்றது பாஜக. எல்லாவற்றையும் மிஞ்சியது பீகாரின் ஐக்கிய ஜனதா தளம். 2019-ல் பாட்னா கட்சி அலுவலகத்துக்கு யாரோ வந்து ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிரித்துப் பார்த்தால் தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள் இருந்தனவாம். யார் என்று தெரியாதாம். தேர்தல் ஆணையத்துக்கு எழுத்தில் கொடுத்த விளக்கம் இது. ஒரு ஆளுங்கட்சி இப்படி எழுதிக் கொடுக்கத் துணிகிறது என்றால், படிப்பவர் யாரும் கோபப்படப் போவதில்லை என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை.

ஐதராபாத்தின் மருந்து நிறுவனம் ஒன்றின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 10 அன்று அதன் இயக்குநர் ஒருவரை தில்லி மதுக் கொள்கை வழக்கில் அமலாக்கத் துறை கைது செய்தது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, அந்த நிறுவனம் ஐந்து கோடிக்குப் பத்திரம் வாங்கியது. பாஜக அதைப் பணமாக்கியது. அடுத்த ஆண்டு அந்த இயக்குநர் அப்ரூவர் ஆனார். நிறுவனம் மறுபடியும் பத்திரம் வாங்கியது. தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது, சரி. ஆனால் இப்படித் தேதிகள் அடுக்கடுக்காகக் கிடந்தால் விசாரணை கேட்பதுதானே முறை? சிறப்பு விசாரணைக் குழு கேட்டுப் போட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. வழக்கமான சட்ட வழிகள் இருக்கின்றன என்றது. அந்த வழக்கமான வழிகளில் யார் நடந்தார்கள்? அன்றைக்கு அதைப் பெரிய செய்தியாகக்கூட நம்மில் பலர் கவனிக்கவில்லை.

இனி, மக்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தச் சலிப்பு மடமையால் வந்ததல்ல. பட்டு வந்தது.

2ஜி அலைக்கற்றை விவகாரம் நினைவிருக்கிறதா? 2010-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 1.76 லட்சம் கோடி என்று ஒரு அனுமான இழப்பைச் சொன்னார். எத்தனை சைபர் என்று டீக்கடையில் எண்ணிப் பார்த்தோம். 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. மேல்முறையீடு இன்னும் இருக்கிறது. உரிமம் கொடுத்தது தவறு என்று ஒரு நீதிமன்றம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இன்னொரு நீதிமன்றம். சட்டம் படித்தவருக்கு இது முரண்பாடில்லை. மற்றவருக்கு? 'கடைசியில் என்னதான்யா ஆச்சு?' என்ற அலுப்புதான் மிச்சம்.

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு அதைவிட நீளம். 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தைப் பற்றிய வழக்கு. 2014 செப்டம்பரில் பெங்களூரில் தண்டனை. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2016-ல் மறுபடியும் முதலமைச்சர், அந்த டிசம்பரில் மறைவு. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு சரிதான் என்றது. முதல் குற்றவாளி அப்போது உயிரோடு இல்லை. வழக்கு தொடங்கியபோது பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை, இறுதித் தீர்ப்பு வந்தபோது தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் இருந்திருக்கும். இவ்வளவு காலம் ஒரு கோபத்தை அடைகாத்து வைத்திருக்க மனிதனால் முடியாது. வாய்தா வாங்கும் வழக்கறிஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணம் வெளியில் சொல்லக் கூச்சமானது. நாமும் வாங்கினோம்.

2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு 'ஃபார்முலா' ஆகிவிட்டது. பண விநியோகத்தைக் காரணம் காட்டி 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரில் நிறுத்தினார்கள். 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலேயே நிறுத்தினார்கள். தேர்தலை நிறுத்திவிட்டு மறுபடி நடத்தியதைத் தவிர வேறு என்ன விளைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு 'கவர் வந்துச்சா, எதிர்த்த தெருவுக்கு எவ்வளவாம்?' என்று வெளிப்படையாகவே விசாரிக்கிறோம். வராவிட்டால் பூத் கமிட்டி ஆளிடம் சண்டைக்கும் போகிறோம்.

வாங்கியவர்கள் ஏழைகள், தேவை இருந்தது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கையில் வருகிற காசு. நான் அதைப் பெரிய பாவமென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கவரின் இன்னொரு வேலையைக் கவனியுங்கள். அது ஓட்டை வாங்குகிறதோ இல்லையோ, வாயை அடைத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் மனிதர்கூட, 'உங்களுக்கு ஏது இந்தப் பணம்?' என்று கேட்கும்போது குரல் தழைந்துவிடுகிறது. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. உங்கள் தொகுதியில் வந்த கவர்களை மட்டும் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மேலே கோடிகளில் கொடுத்தவர்களிடமிருந்து ஒரு துளி கீழே நம் வாசல்வரை வழிந்து வந்ததோ என்று சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு. அந்தச் சந்தேகத்தைத்தான் கவர் அமுக்குகிறது.

சரி, கோடிகளில் கொடுப்பவருக்கு என்ன ஆதாயம்? ஒரு கணக்குப் போடுவோம். ஏதோ ஒரு விதியில் ஒரு வரி மாறுகிறது. அதனால் ஒரு தொழிலதிபர் கூட்டத்துக்கு 100 கோடி ரூபாய் லாபம். அந்தப் பணம் பொதுமக்களிடமிருந்து போகிறது. தமிழகத்தில் சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகள். பிரித்தால் அட்டைக்கு 45 ரூபாய். 45 ரூபாய்க்காக நீங்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு மனு எழுதுவீர்களா? மாட்டீர்கள், நானும் மாட்டேன். ஆனால் 100 கோடி கிடைக்கப் போகிற ஆள், அந்த ஒரு வரிக்காக வழக்கறிஞர், ஆடிட்டர், தில்லியில் தங்கி ஆள் பார்ப்பவர் என்று பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஆண்டு முழுக்க வேலை வாங்குவார். தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் பரவாயில்லை என்று எல்லாருக்கும் கொஞ்சம் கொடுத்து வைப்பார். பத்திரப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த மேகா இன்ஜினீயரிங் 966 கோடி கொடுத்தது. பெரும்பங்கு பாஜகவுக்கு, பிறகு பாரத் ராஷ்டிர சமிதிக்கு, திமுகவுக்கும் உண்டு. கொள்கையளவில் ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகள். கொடுப்பவருக்கு அந்தக் கொள்கைச் சண்டை ஒரு பொருட்டே இல்லை. அதை நம்பித் தெருவில் கொடி பிடிப்பது நாம்தான்.

இப்படி 45 ரூபாய், 30 ரூபாய், 60 ரூபாய் என்று நூறு விதிகள் மாறும்போதுதான் மின் கட்டணத்திலும் மருந்து விலையிலும் சுங்கச் சாவடியிலும் தெரிகிறது. அப்போது புலம்புகிறோம். எந்த வரி எப்போது மாறியது என்று அப்போது கண்டுபிடிக்க முடியாது.

கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பண விஷயத்தில் அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமை குடும்பங்களில்கூட இருக்காது. 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம், காங்கிரஸ், பாஜக, இந்தியக் கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய ஆறு கட்சிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று உத்தரவிட்டது. ஆறில் ஒன்றுகூட அதற்குக் கட்டுப்படவில்லை. பத்திரம் வேண்டாமென்ற கட்சியும்தான்.

அடுத்தது இன்னும் அழகு. 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வேதாந்தா குழும நிறுவனங்களிடமிருந்து நன்கொடை வாங்கியதில் பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியிருக்கின்றன என்று சொன்னது. நடவடிக்கை எடுக்கச் சொன்னது. என்ன நடவடிக்கை வந்தது? சட்டத்தையே மாற்றினார்கள். 2016 நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம். போதவில்லை என்று 2018-ல் இன்னொரு திருத்தம். அது 1976-லிருந்தே அமலில் இருந்ததாகக் கொள்ள வேண்டுமாம்! நாற்பத்திரண்டு வருஷம் பின்னால் போய்க் குற்றத்தைக் குற்றமில்லாமல் ஆக்கிய அந்த நிதி மசோதாவை, 2018 மார்ச் 14 அன்று மக்களவை அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே மார்ச் 14 அன்றுதான் பத்திரப் பட்டியல் வெளியானது. இந்தத் திருத்தத்தை எதிர்த்து உங்கள் ஊரில் ஒரு சுவரொட்டியாவது பார்த்தீர்களா?

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். உஷார் என்று தலைப்பில் போட்டது இதற்காகத்தான். பத்திரம் போன பிறகு பணம் நிற்கவில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் என்ற வழி 2013-லிருந்தே இருக்கிறது. நிறுவனங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும். அறக்கட்டளை கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2024-25 நிதியாண்டில், பத்திரம் இல்லாத முதல் முழு ஆண்டில், இந்த அறக்கட்டளைகள் கொடுத்தது 3,800 கோடியைத் தாண்டியது. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மத்தியில் ஆளும் பாஜகவுக்கு. பத்திரத்தைவிட இது தேவலை, மறுக்கவில்லை. யார் கொடுத்தார்கள், எந்தக் கட்சி எவ்வளவு வாங்கியது என்ற இரண்டும் வெளியில் இருக்கின்றன. ஆனால் பல பேர் பணம் ஒரே பானையில் விழுவதால், எவர் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று எப்போதும் பிரித்தறிய முடியாது.

கவலை அதுவல்ல. பத்திரக் காலத்தில் ஒளித்தார்கள். அம்பலமானால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்ற அச்சம் கொஞ்சமாவது இருந்தது. ஜூன் 30 வரை அவகாசம் கேட்டதே அந்த அச்சத்தால்தான் என்று நினைக்கிறேன். அம்பலமானது. ஒன்றும் ஆகவில்லை. இனி யாரும் அவகாசம்கூடக் கேட்கப் போவதில்லை.

அதோடு, ரிசர்வ் வங்கி எதிர்த்ததும், 'அச்சாகிவிட்டது' என்ற குறிப்பும் நமக்கு எப்படித் தெரிந்தன? ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விடாமல் மனு போட்டு வாங்கிய காகிதங்கள் அவை. அந்தச் சட்டத்திலும் கை வைத்துவிட்டார்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். பொது நலன் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். ஊழல் என்பது பெயர்களில் இருக்கிறது. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் வேலைக்கு வந்தோர் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தபோது செத்துப்போனவர்கள் பெயரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டமே அங்கிருந்து பிறந்ததுதான். பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் கூட்டுத்தொகை.

இப்போது நாம் செய்ய இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு கட்சியும் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையம் அதை இணையதளத்தில் போடுகிறது. எதிரிக் கட்சியுடையதை அடுத்தவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சியின் பட்டியலைத் திறந்து முதல் பத்துப் பெயர்களை மட்டும் படியுங்கள். அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், உங்கள் மாவட்டத்தில் என்ன டெண்டர் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு, உங்கள் ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தில் பயன்பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும். தனிநபர் தகவல், தர இயலாது என்று வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. அதில் 8(2) பிரிவைக் குறிப்பிடுங்கள். பாதிப்பைவிடப் பொது நலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று சொல்லும் அந்தப் பிரிவை இன்னும் யாரும் திருத்தவில்லை.